கண்டி இல்லங்களின் கித்துள் டார்ட்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சிற்றூர்களிலும் திருநாட்கள் நெருங்கும்போது வீட்டுக்கு வீடு இனிப்புத் தட்டுகள் செல்வது வழக்கம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களவர் வீட்டுக் கவுமும் கொக்கிசும், தீபாவளிக்குத் தமிழர் வீட்டு முறுக்கும் சூசியமும், நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம்கள் வீட்டு வட்டிலப்பமும் தொதலும், நத்தாருக்குக் கிறித்தவர் வீட்டுக் கேக்கும் வேலி கடந்து செல்கின்றன. இத்தட்டுகளின் ஓரத்திலே, உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறு கிண்ணம் போன்ற பண்டம் ஒன்றையும் சில வேளைகளிற் காணலாம். கோதுமை மாவினாற் செய்த மெல்லிய ஓடு; அதனுள்ளே தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் சேர்ந்து சுருண்ட இனிப்பு. டார்ட் என்பது அதன் பெயர்.

டார்ட்டைக் கடையில் வாங்குவது எளிது. வீட்டிற் செய்வதற்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் வேண்டும். அவ்வாறிருக்க, அதனை வீட்டிற் செய்வதால் என்ன பயன் என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், டார்ட்டின் ஓடு எங்கிருந்து வந்தது, உள்ளீடு எங்கே பிறந்தது என்னும் இரண்டினையும் முதலில் அறிதல் வேண்டும்.

ஓடு கடல் கடந்து வந்தது. 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்கள் பின் ஒல்லாந்தரும், ஒல்லாந்தர் பின் ஆங்கிலேயரும் கரையோரத்தை ஆண்டனர். இவர்களோடு கோதுமை மாவும், அதனை வேகவைக்கும் போறணையும், வேகவைத்த பண்டங்களின் பெயர்களும் வந்து சேர்ந்தன. இன்று ஈழத்தமிழர் நாள்தோறும் வழங்கும் பாண், விசுக்கோத்து, குசினி, மேசை என்னும் சொற்கள் எல்லாம் போர்த்துக்கேய மொழி தந்தவை. கொக்கிஸ் என்னும் சொல் ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்தது. சொல் வந்த வழியே பண்டமும் வந்தது என்பதை இதனால் உய்த்துணரலாம்.

ஆயினும் இப்பண்டங்கள் கரையோரத்திலேயே நெடுங்காலம் நின்றுவிட்டன. கண்டி இராச்சியம் மூன்று நூற்றாண்டுகளாக அன்னியர்க்கு அடங்காது நின்றமையால், மலைநாட்டு அடுக்களைக்குப் போறணை வருவதற்குக் காலம் பிடித்தது. கண்டியரின் இனிப்புகள் எண்ணெயிற் பொரிப்பனவும் ஆவியில் அவிப்பனவும் உருண்டையாகப் பிடிப்பனவுமாகவே இருந்தன. அடியிலிருந்து எழும் சூட்டினை அவர்கள் நன்கு ஆண்டனர். மேலும் கீழும் சுற்றிலும் சூழ்ந்து நிற்கும் சூட்டின் தேவை அவர்களுக்கு எழவில்லை.

அக்காலத்து மலைநாட்டு இனிப்பைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கில மாலுமி ரொபட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிலே வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில், அரிசி மாவும் கருப்பட்டியும் கலந்து செய்யும் கவும் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஒல்லாந்தர் முதன்முதல் கொழும்புக்கு வந்தபோது மன்னன் அவர்களுக்குக் கவும் செய்து அனுப்பினானாம். அதனை உண்டு வியந்த அவர்கள், இது மரத்திற் காய்ப்பதோ என்று வினவினராம். மனிதர் கையால் இத்தகைய பண்டத்தைச் செய்ய இயலாது என்று அவர்கள் எண்ணியதாக ஊரார் கூறியதை நொக்ஸ் எழுதி வைத்தார். கதை எவ்வளவு மெய்யாயினும், மலைநாட்டின் இனிப்பு மரத்திலிருந்து இறங்குகிறது என்பதில் ஐயமில்லை. அம்மரமே கித்துள்.

1815ஆம் ஆண்டு கண்டி ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் பின்னர் சாலைகள் அமைந்தன. கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அதே ஆண்டில் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரை என்னும் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வாணிகப் பயிராக நட்டார். அலுவலகங்களிலும் புகைவண்டிப் பகுதியிலும் பள்ளிகளிலும் பணியாற்ற வந்த பறங்கியர் குடும்பங்கள் தம் அடுக்களை வழக்கங்களையும் உடன் கொண்டுவந்தன. மாவைப் படலம் படலமாக அடுக்கி முந்திரிப்பருப்பு இட்டு வேகவைக்கும் பொலோ ஃபியாதோ, மாவைக் குழலாகச் சுருட்டி உள்ளே பூசணித் தோசி முதலியவற்றை நிரப்பும் ஃபொகெத்தே ஆகியன அவர்கள் வீட்டு விழாப் பண்டங்கள். ஹில்டா டியுட்ரம் என்னும் அம்மையார் தொகுத்து 1929ஆம் ஆண்டில் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல், இத்தகைய கலப்பு அடுக்களையின் செய்முறைகளை அச்சில் ஏற்றிப் பல இல்லங்களுக்கும் கொண்டுசென்றது.

கோதுமை மா எல்லார் வீட்டுக்கும் பொதுப்பொருளானதற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கீட்டில் வழங்கப்பட்டது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர் அம்மாவைத் தட்டி ரொட்டியாக்கினர். நாளடைவில் அதுவே அவர்களின் காலை உணவாயிற்று. பஞ்சத்தின் பொருளாக வந்த மா பழக்கத்தின் பொருளாக நிலைத்தது. ஆகவே, இன்று கண்டிப் பகுதியில் டார்ட் செய்ய விரும்பும் எந்த இல்லத்திலும் மாப்பெட்டி முன்னரே இருக்கிறது.

இனி உள்ளீட்டைப் பார்ப்போம். ஓடு பிறநாட்டதேயாயினும் உள்ளீடு தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளையாருக்குப் படைக்கும் மோதகத்தைப் பிட்டுப் பார்ப்பவர் உள்ளே காண்பது யாது? தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் அன்றோ! சிங்களவர் அப்பத்திற் சுருட்டி உண்ணும் பாணித் தேங்காயும் இதுவே. மோதகத்துக்கு அரிசி மாவு மேலாடை. டார்ட்டுக்குக் கோதுமை மாவு ஓடு. எனவே, மோதகம் பிடிக்கத் தெரிந்த கைக்கு டார்ட்டின் பாதி முன்னரே கைவந்தது என்று கொள்ளலாம்.

இவ்வுள்ளீட்டுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் கண்டி வீட்டுத் தோட்டத்திலேயே விளைகின்றன. தென்னையும் பலாவும் கித்துளும் உயர்ந்து நிற்க, அவற்றின் நிழலிலே சாதிக்காயும் கராம்பும் கோப்பியும் வளர, மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறுவது கண்டித் தோட்டத்தின் தனி அமைப்பு. வேளாண்மை அறிஞர்கள் இதனைக் காட்டை ஒத்த தோட்டம் என்று சிறப்பித்துக் கூறுவர். கண்டி, மாத்தளை, கேகாலை ஆகிய மாவட்டங்களே இலங்கையின் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் பேரிடம். எனவே, டார்ட்டின் உள்ளே இடும் கராம்புத் தூள் கப்பலேறி வந்தது அன்று, வேலியோரத்தில் உலர்ந்தது.

இவையனைத்திலும் கித்துளே முதன்மையானது. தமிழில் இதனைக் கூந்தற்பனை என்பர். பாளைகள் அவிழ்த்துவிட்ட கூந்தல்போல் நீண்டு தொங்குவதால் அப்பெயர் பெற்றது போலும். இம்மரம் முதிர்ந்த பின்னரே பூக்கும். முதற்பாளை உச்சியிலே தோன்றும். அடுத்தடுத்த பாளைகள் படிப்படியாகக் கீழ்நோக்கித் தோன்றும். கடைசிப் பாளை முடிந்ததும் மரமும் பட்டுவிடும். தன் வாழ்நாளெல்லாம் தண்டிலே சேர்த்துவைத்த மாச்சத்தை இறுதிப் பருவத்தில் இனிப்பாக மாற்றி வழங்கும் மரம் இது.

அவ்வினிப்பைப் பெறுவதற்கு மனிதர் ஒருவர் மரமேற வேண்டும். விரியாத பாளையைப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிய இதழாகச் சீவி, முட்டி கட்டிவிடுவார். காலையும் மாலையும் ஏறிச் சாற்றை இறக்கி, மீண்டும் சீவுவார். ஒரு வேளை தவறினாலும் வெட்டுவாய் உலர்ந்து ஓட்டம் குன்றும். இறக்கிய சாறு சில மணி நேரத்திற் புளித்துக் கள்ளாகும் இயல்புடையது. அதனைத் தடுக்க ஹால் மரப் பட்டையையோ சிறிது சுண்ணாம்பையோ முட்டியில் இடுவது மலைநாட்டு முறை. சாறு கீழே வந்ததும் இல்லத்துப் பெண்கள் அதனை வடிகட்டி விறகடுப்பிற் காய்ச்சுவர். வற்றித் தேன்போலத் தடித்த நிலையில் எடுத்தால் பாணி. மேலும் காய்ச்சிக் கிளறிச் சிரட்டையில் வார்த்து ஆறவைத்தால் கருப்பட்டி. சந்தையிற் காணும் கித்துள் கருப்பட்டி அரைக்கோள வடிவாக இருப்பது சிரட்டை தந்த வடிவே.

இத்தொழில் இன்று இருமுனை இடர்ப்பாட்டில் இருக்கிறது. மரமேறுவது உயிருக்கு அஞ்சத்தக்க வேலை. இளைஞர் பலர் அதனை விரும்பாது வேறு தொழில் தேடிச் செல்கின்றனர். மற்றொரு முனையிலே, வெள்ளைச் சீனியைக் காய்ச்சி நிறமேற்றி, சிறிது கித்துளைக் கலந்து, கித்துள் பாணி என்றே விற்போரும் உளர். சீனிப்பாகு மலிவு, அதனோடு உண்மைப் பாணி விலையிற் போட்டியிட இயலாது. வாங்குவோர் வேறுபாடு அறியாதவராயின், நாள்தோறும் இருமுறை மரமேறும் தொழிலாளிக்கு அவர் உழைப்புக்குரிய விலை கிடைப்பதில்லை. விலை கிடைக்காத தொழிலை மகனுக்குக் கற்பிப்பார் யார்?

இந்த இடத்திலேதான் வீட்டு டார்ட் முதன்மை பெறுகிறது. கடைப்பண்டத்தை உண்பவர் உள்ளே எந்தப் பாணி இருக்கிறது என்று கேட்பதில்லை. தம் கையால் உள்ளீடு கிளறுபவர் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் சட்டி அவருக்குச் சொல்லிவிடும். நல்ல கித்துள் பாணியில் இனிப்போடு மெல்லிய புகைமணமும், நாவின் பின்புறத்திலே சிறு கைப்பும் உண்டு. சீனிப்பாகு முதலில் தித்தித்து உடனே மறையும். ஒரு துளியைக் கண்ணாடியில் இட்டுப் பார்ப்பது, நீரில் விட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகளை முழுதும் நம்புதல் ஆகாது. பாகைத் தடிப்பாகக் காய்ச்சினால் சீனியும் அச்சோதனைகளில் தேறிவிடும். பழகிய நாவும், அறிந்த இடத்தில் வாங்கும் வழக்கமுமே உறுதியான துணை. கண்டிச் சந்தையிலோ, ஊர்களுக்குச் செல்லும் வழியோரத்திலோ வாங்குவோர் முதலிற் சிறிதளவு வாங்கிச் சுவைத்துப் பார்த்து, பின்னர் அதே கையில் தொடர்ந்து வாங்குதல் நன்று.

இனிச் செய்முறை. ஏறத்தாழ இருபத்துநான்கு சிறு டார்ட்டுகளுக்கு வேண்டிய பொருள்கள் பின்வருமாறு. ஓட்டுக்குக் கோதுமை மா 250 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 125 கிராம், பொடித்த சீனி 2 மேசைக்கரண்டி, முட்டை மஞ்சட்கரு 1, குளிர்ந்த நீர் 2 அல்லது 3 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உள்ளீட்டுக்கு நடுத்தரத் தேங்காய் ஒன்றின் பூ, கித்துள் கருப்பட்டி 200 கிராம், நீர் கால் கோப்பை, பொடியாக நறுக்கிய முந்திரிப்பருப்பு 50 கிராம், வறுத்த ரவை 1 மேசைக்கரண்டி, ஏலக்காய் 4, கராம்பு 1, உப்பு ஒரு சிட்டிகை. கருப்பட்டிக்குப் பதிலாகப் பாணி சேர்ப்பதாயின் நீர் வேண்டியதில்லை.

உள்ளீட்டை முதல்நாள் மாலையிலேயே செய்துவைத்தல் சிறந்தது. கருப்பட்டியைத் தட்டி, நீரோடு சேர்த்துச் சிறு தீயிற் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டல் வேண்டும். கருப்பட்டியில் தூசும் சாம்பற்றுகளும் இருத்தல் கூடும். வடித்த பாகை மீண்டும் காய்ச்சி, விரல்களுக்கிடையே ஒற்றைக் கம்பியாக இழுபடும் பதத்தில் தேங்காய்ப்பூவைச் சேர்த்துக் கிளற வேண்டும். ரவையும் பருப்பும் பொடித்த நறுஞ்சரக்கும் உப்பும் அதன் பின்னர். சட்டியை விட்டுப் பிரிந்து வரும்போது, ஆனால் சிறிது ஈரம் இன்னும் எஞ்சியிருக்கும்போதே, இறக்கிவிடுதல் வேண்டும். இங்கேதான் பலர் தவறுவர். உள்ளீடு மறுமுறையும் போறணையில் வேகவேண்டியது என்பதை மறந்து, உருண்டைக்குரிய பதம் வரை வற்றவிட்டால், டார்ட் ஆறியதும் உள்ளே கல்லாகிவிடும்.

ஓட்டின் மறைபொருள் குளிர்ச்சி ஒன்றே. கோதுமை மாவில் நீர் பட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதம் குளூட்டன் என்னும் இழைகளாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அவ்விழை வேண்டும். அதனாலேயே ரொட்டி மாவை அடித்துப் பிசைகிறோம். டார்ட்டுக்கு அவ்விழை பகை. மாவின் துகள்களை வெண்ணெய் மூடிக்கொண்டால் நீர் உட்புகாது, இழை குறுகும், ஓடு வாயிலிட்டவுடன் பொலபொலவென உதிரும். வெண்ணெய் உருகிவிட்டால் இக்காவல் கெட்டு, ஓடு தோல்போல் இழுபடும்.

ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்டிக்கு இவ்வகையிலே கொழும்பினும் ஒரு வாய்ப்பு உண்டு. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலே அடுக்களைப் போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்திருப்பதைக் கண்டிவாசிகள் அறிவர். தேங்காயெண்ணெய் உறைவது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே. ஆகவே, எண்ணெய் உறைந்த காலை டார்ட் செய்வதற்கேற்ற காலை என்று கொள்ளலாம். வெப்பமானி தேவையில்லை; போத்தலே வெப்பமானி.

மாவையும் உப்பையும் சீனியையும் சலித்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி இட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து உதிர்த்தல் வேண்டும். உள்ளங்கையின் சூடு படலாகாது. ரவைபோல் உதிர்ந்ததும் மஞ்சட்கருவையும் நீரையும் தெளித்து, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் சேர்த்துப் பிடித்து, மூடி, அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பின்னர் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் உருட்டி, அச்சினும் சற்றுப் பெரிய வட்டங்களாக வெட்டி, அச்சிலே இழுக்காமல் அமர்த்த வேண்டும். இழுத்துப் பொருத்திய மா வேகும்போது சுருங்கித் தன் பழியைத் தீர்த்துக்கொள்ளும். அடியை முள்ளுக்கரண்டியாற் குத்தி, முட்டை வெண்கருவை மெல்லப் பூசினால், பாணி ஊறி அடி நனைவது குறையும். முழுதும் ஆறிய உள்ளீட்டையே இடவேண்டும். சூடான உள்ளீடு வெண்ணெயை உருக்கிவிடும். ஓட்டின் முக்காற்பங்குக்கு மேல் நிரப்பினால் பாணி பொங்கி வழிந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

மின்போறணை உள்ள இல்லத்தில் 180 பாகை செல்சியசில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் போதும். விளிம்பு பொன்னிறமாகி, உள்ளீடு மினுங்கும்போது எடுத்துவிடலாம். அச்சிலே ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பின்னர் கழற்றுதல் வேண்டும். முற்றும் ஆறிய பின் கழற்ற முயன்றால், சிந்திய பாணி இறுகி ஓட்டை உடைத்துவிடும்.

மின்போறணை இல்லாத இல்லத்தார் இதனைக் கைவிட வேண்டியதில்லை. அடி தடித்த பெரிய சட்டியில் ஓரங்குல உயரத்துக்கு உலர்ந்த மணல் இட்டு, அதன்மேல் இரும்புவளையம் ஒன்றை வைத்து, மூடி, கால்மணி நேரம் சூடேற்ற வேண்டும். மூடி கவிழ்ந்த வடிவினதாக இல்லாமல், தணலைத் தாங்கத்தக்க தட்டையான உலோக மூடியாக இருத்தல் நலம். டார்ட் அடுக்கிய தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடியதும், சிரட்டைக்கரித் தணலை மூடியின்மேற் பரப்ப வேண்டும். கீழ்ச்சூடு ஓட்டை வேகவைக்கும். மேற்சூடு நிறம் தரும். பிபிக்கன் என்னும் தேங்காய்க் கேக்கைச் சிங்கள இல்லங்கள் வேகவைத்ததும் இம்முறையிலேயே. சூட்டின் அளவை அறிய, ஒரு தகரத்தில் சிறிது மாவைத் தூவி உள்ளே வைத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் இளம்பொன்னிறமானால் சூடு சரி; உடனே கருகினால் தணலைக் குறைக்க வேண்டும்.

பழைய முறை என்று இதனை எள்ளி ஒதுக்கியவர்கள் 2022ஆம் ஆண்டில் அதன் அருமையை உணர்ந்தனர். அவ்வாண்டு இலங்கை பெரும் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளாயிற்று. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப்பொருள் விலை முந்திய ஆண்டினும் 94.9 விழுக்காடு உயர்ந்திருந்தது. மாவும் வெண்ணெயும் எட்டாப் பொருள்களாயின. வீட்டிலே கேக்கும் டார்ட்டும் செய்து விற்றுக் குடும்பத்துக்குத் துணையாயிருந்த பெண்களுக்கு அஃது இருமடங்கு இடியாயிற்று. விறகடுப்பையும் தணல்மூடியையும் ஆளத் தெரிந்தவர்க்கு அடுப்பாவது அணையாமல் இருந்தது. அந்நாட்களிலும் தேங்காய் தோட்டத்தில் இருந்தது. கித்துள் மரத்தில் இருந்தது. கடல் கடந்து வரவேண்டிய ஓட்டுக்கே தட்டுப்பாடு. மலையிற் பிறக்கும் உள்ளீட்டுக்கு மரமும் மரமேறும் கையும் இருந்தாற் போதும்.

இதிலிருந்து சிக்கனமுறை ஒன்றும் கிடைக்கிறது. வெண்ணெய் விலை மிகுந்த காலத்தில் பாதி வெண்ணெயும் பாதி மாஜரீனும் சேர்க்கலாம். ஓட்டினை மேலும் மெல்லியதாக உருட்டி, அச்சைச் சிறிதாக்கலாம். உள்ளீட்டில் மட்டும் கைவைத்தல் ஆகாது. கித்துளுக்குப் பதிலாகச் சீனியும் சாயமும் சேர்த்தால், எஞ்சுவது எந்த ஊரிலும் கிடைக்கும் ஒரு தேங்காய்ப் பண்டம் மாத்திரமே. அளவைக் குறைத்துச் செய்தாலும் தரத்தைக் குறைக்காத இல்லத்தின் தட்டுக்கே அயலார் காத்திருப்பர்.

ஆறிய டார்ட்டுகளைக் காற்றுப் புகாத தகரப் பெட்டியில், அடுக்குக்கு அடுக்குத் தாள் இட்டு வைத்தால் மூன்று நான்கு நாட்கள் கெடாமல் இருக்கும். மலைநாட்டு மழைக்காலத்தின் ஈரக்காற்று ஓட்டை விரைவில் தளரச் செய்யும். அவ்வாறு தளர்ந்தவற்றை மீண்டும் ஐந்து நிமிடம் சூடேற்றினால் பழைய மொருமொருப்பு திரும்பும். தேங்காயின் மணம் மாறியதை உண்பதும் உண்ணக் கொடுப்பதும் கூடா.

சிறுவர்களையும் இவ்வேலையிற் சேர்த்துக்கொள்வது நலம். மா உருட்டவும், வட்டம் வெட்டவும், அடியைக் குத்தவும் அவர்களுக்கு இயலும். பாகு காய்ச்சுவதும் தணல் வைப்பதும் பெரியவர்க்கு உரியன. மரத்திலிருந்து இறங்கிய பாணி இது என்று சொல்லி ஒரு துளியை நாவில் வைத்துவிட்டால், அச்சுவையை அப்பிள்ளை மறப்பதில்லை. பிற்காலத்தில் சந்தையிலே போலியைக் கண்டு ஒதுக்கப்போவது அந்த நாவே. நாவின் கல்விக்குப் பள்ளிக்கூடம் வேறில்லை, அடுக்களை ஒன்றுதான்.

வேலி கடந்து செல்லும் தட்டில் நான்கு டார்ட்டுகள் இருந்தால், அவற்றிலே பலருடைய கைகள் இருக்கின்றன. பாண் சுட்ட கடலோடியின் கை, அச்செடுத்த பறங்கி அம்மையாரின் கை, பங்கீட்டு மாவைப் பிசைந்த தோட்டத் தாயின் கை, அதிகாலையில் மரமேறிப் பாளை சீவிய கிராமத்தவரின் கை. முதல் மூன்று கைகளின் வேலையையும் நூலிற் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நான்காவது கை ஓய்ந்துவிட்டால் அதனை நூல் மீட்டுத் தராது. உண்மைப் பாணியைத் தேடிச் சென்று, உரிய விலை கொடுத்து வாங்கி, ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டு டார்ட் செய்யும் இல்லம், அக்கை ஓயாதிருக்கத் தன்னால் இயன்றதைச் செய்கிறது. பண்டம் சிறிதேயாயினும் அதனால் விளையும் பயன் சிறிதன்று.